கொரோனா மறுதொற்று விகிதத்தைக் கணக்கிடுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு அறிக்கை "இந்த மாதம் மறுதொற்று 2 சதவீதம்" என்கிறது. அதே மக்கள்தொகை, அதே மாதம், இன்னொரு அறிக்கை "0.3 சதவீதம்" என்கிறது. இரண்டுமே சரியாக இருக்கலாம். முதல் அறிக்கை, அந்த மாதம் பாசிட்டிவ் ஆனவர்களில் எத்தனை பேருக்கு இது இரண்டாவது முறை என்று பார்த்திருக்கும். மற்றது, ஏற்கெனவே ஒருமுறை தொற்று வந்து போனவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி வந்தது என்று பார்த்திருக்கும். பின்னத்தின் மேலே இருக்கும் தொகுதி இரண்டிலும் ஒன்றுதான். கீழே இருக்கும் பகுதிதான் வேறு.

மறுதொற்றைக் கணக்கெடுக்கப் புதிதாக வருபவர்கள் தொகுதியின் மேலேயே கண்ணாக இருப்பார்கள். யாருக்கெல்லாம் இரண்டாம் முறை வந்தது என்று தேடிப் பிடிப்பதிலேயே நாள் போய்விடும். அதுவும் தேவைதான். ஆனால் இந்த வேலையின் கஷ்டமான பாதி, கீழே வரும் அந்தப் பகுதியைக் கட்டுவதுதான்: யாருக்கெல்லாம் மறுதொற்று வந்திருக்க முடியும், எத்தனை நாட்கள் அந்த வாய்ப்போடு இருந்தார்கள் என்பது. கையில் பரிசோதனை முடிவுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: எதற்காக எண்ணுகிறோம்?

இதைத் தாண்டிக் குதிக்க ஆசை வரும். குதிக்க வேண்டாம், ஆனால் அதிக நேரமும் தேவையில்லை. வைரஸ் மாறிவிட்டதா, பழைய எதிர்ப்பாற்றலை ஏமாற்றுகிறதா என்று தெரிய வேண்டுமானால், மறுதொற்று வரும் வேகம் காலப்போக்கில் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பாற்றல் எத்தனை மாதம் நிற்கிறது என்பது கேள்வியானால், ஒரே ஆட்களைத் தொடர்ந்து பரிசோதிக்கும் ஆய்வு வேண்டும். மருத்துவமனையில் எத்தனை படுக்கை தேவைப்படும் என்பதுதான் கவலை என்றால், மொத்தத் தொற்றுகளில் மறுதொற்றின் பங்கு தெரிந்தால் ஓரளவு போதும். ஒரே எண் மூன்று கேள்விக்கும் பதில் தராது. எந்தக் கேள்வி என்று அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: எதை மறுதொற்று என்பது?

மறுதொற்று நடக்கும் என்பது 2020 ஆகஸ்டில் ஹாங்காங்கில் உறுதியானது. 33 வயது ஆண் ஒருவருக்கு மார்ச் மாதம் முதல் தொற்று. 142 நாட்கள் கழித்து, வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பியபோது விமான நிலையப் பரிசோதனையில் மறுபடி பாசிட்டிவ். இரண்டாவது முறை எந்த அறிகுறியும் இல்லை. இரண்டு மாதிரிகளையும் மரபணு வரிசைப்படுத்திப் பார்த்ததில் அவை வேறு வேறு கிளையைச் சேர்ந்த வைரஸ்கள் என்று தெரிந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் ஒரு மக்கள்தொகை முழுவதற்கும் இப்படி நிரூபிக்க முடியாது. முதல் மாதிரியை யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். வைத்திருந்தாலும், வைரஸின் அளவு குறைவாக இருந்தால் வரிசைப்படுத்தல் தேறாது. அதனால் நடைமுறையில் எல்லோரும் நாட்களை எண்ணுகிறார்கள்: முதல் பாசிட்டிவுக்கும் அடுத்த பாசிட்டிவுக்கும் நடுவே இத்தனை நாள் இருந்தால் அது புதிய தொற்று.

ஏன் இடைவெளி தேவை? பிசிஆர் பரிசோதனை உயிருள்ள வைரஸையும் அதன் உடைந்த துண்டுகளையும் பிரித்துப் பார்க்காது. குணமாகி வாரக்கணக்கில் ஆன பிறகும் மூக்கில் மிச்சமிருக்கும் ஆர்என்ஏ துண்டுகள் பாசிட்டிவ் காட்டும். 2020 ஏப்ரலில் தென் கொரியாவில் குணமாகி வீட்டுக்குப் போன 200-க்கும் மேற்பட்டவர்கள் மறுபடி பாசிட்டிவ் ஆனார்கள். பெரிய பரபரப்பு. ஆராய்ந்து பார்த்தால், அவர்களிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை. பழைய தொற்றின் எச்சம்தான் அது.

எத்தனை நாள் என்பதில்தான் நாடுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இங்கிலாந்தின் சுகாதார அமைப்பும் 90 நாட்களை அடிப்படையாக வைத்தன. ஐரோப்பிய நோய்த் தடுப்பு மையம் 60 நாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2021-இல் முன்வைத்த வரையறை 102 நாள், அதோடு நடுவில் ஒரு நெகட்டிவ் முடிவும் வேண்டும். அதன்படி அவர்கள் பார்த்த 1,300 பேரில் 58 பேர், அதாவது 4.5 சதவீதம், மறுதொற்றில் சேர்ந்தார்கள். இந்த 4.5-ஐ எடுத்துக்கொண்டு போய் 60 நாள் வரையறை வைத்திருக்கும் நாட்டின் எண்ணோடு ஒப்பிட்டால் அது வெறும் வேடிக்கை.

நாட்களைக் கூட்டினால் போலி மறுதொற்றுகள் குறையும், உண்மையானவை சில தவறிப்போகும். குறைத்தால் இதற்கு நேர் எதிர். ஒமைக்ரான் வந்த பிறகு இந்தத் தராசு சாய்ந்தது. டென்மார்க்கில் 20 முதல் 60 நாள் இடைவெளியில் மறுபடி பாசிட்டிவ் ஆனவர்களின் மாதிரிகளை வரிசைப்படுத்தியபோது, ஒமைக்ரானின் உட்கிளையான பிஏ.1 வந்து போன கொஞ்ச நாட்களிலேயே இன்னொரு உட்கிளையான பிஏ.2 தொற்றியவர்கள் 47 பேர் கிடைத்தார்கள். பெரும்பாலும் இளவயதினர், தடுப்பூசி போடாதவர்கள், லேசான நோய். 90 நாள் விதியில் இவர்களில் ஒருவர்கூட எண்ணிக்கையில் வரமாட்டார்கள்.

என் யோசனை இது. 90 நாளை முதன்மை வரையறையாக வையுங்கள், ஏனென்றால் ஒப்பிட ஆள் கிடைக்கும். ஆனால் அதே கணக்கை 45, 60, 120 நாட்களுக்கும் ஓட்டி ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் கோடு ஒரே திசையில் ஏறினால் நம்பலாம். 45 நாளில் மட்டும் ஏறினால் முதலில் பரிசோதனைக் கூடத்தைச் சந்தேகப்படுங்கள், வைரஸை அப்புறம்.

இடைவெளியை எங்கிருந்து எண்ணுவது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஒருவருக்கு முதல் நாள் பாசிட்டிவ், 80-ஆம் நாள் பாசிட்டிவ், 100-ஆம் நாளும் பாசிட்டிவ் என்று வையுங்கள். முதல் பாசிட்டிவிலிருந்து 90 நாள் எண்ணினால் 100-ஆம் நாள் முடிவு மறுதொற்று. கடைசி பாசிட்டிவிலிருந்து எண்ணினால் இடைவெளி 20 நாள்தான், மறுதொற்று இல்லை. எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிகளிடம் தொற்று மாதக்கணக்கில் இழுக்கும். அவர்களை மறுதொற்றுப் பட்டியலில் தவறாகச் சேர்க்காமல் இருக்க, கடைசி பாசிட்டிவிலிருந்து எண்ணுவது பாதுகாப்பானது.

மரபணு வரிசை எப்போதாவது கிடைத்தால், அதை வீணாக்காதீர்கள். இரண்டு மாதிரியும் இருந்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. ஒருவரின் முதல் பாசிட்டிவ் 2020-இல், இரண்டாவது மாதிரி ஒமைக்ரான் என்று வந்தால், முதல் மாதிரி இல்லாமலே அது உறுதியான மறுதொற்றுதான். 2020-இல் ஒமைக்ரான் கிடையாது. இப்படி "உறுதி", "வாய்ப்பு உண்டு" என்று இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தால், பிற்பாடு யாராவது கேள்வி கேட்கும்போது கைகொடுக்கும்.

மூன்றாம் படி: பதிவுகளை ஆளோடு இணைப்பது

பரிசோதனைப் பட்டியலில் இருப்பவை பரிசோதனைகள், ஆட்கள் அல்ல. ஒரே ஆளின் எல்லாப் பரிசோதனைகளையும் ஓரிடத்தில் சேர்த்தால்தான் இரண்டாம் முறை என்று சொல்ல முடியும். தனித்த அடையாள எண் எல்லோருக்கும் எல்லா முறையும் பதிவாகியிருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பெயர், பிறந்த தேதி, பாலினம், தொலைபேசி எண், முகவரி என்று பலவற்றைச் சேர்த்துப் பொருத்த வேண்டும்.

இங்கே இரண்டு வகைப் பிழை வரும், இரண்டும் விகிதத்தை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். ஒரே தொலைபேசி எண்ணைக் குடும்பமே கொடுத்திருக்கும். அப்பாவுக்கு மார்ச்சில், மகளுக்கு ஆகஸ்டில் என்றால், எண்ணை மட்டும் நம்பும் நிரல் அதை ஒரு மறுதொற்றாக்கிவிடும். மறுபக்கம், பெயரின் எழுத்துக்கூட்டல் மாறினாலோ பிறந்த தேதிக்குப் பதில் வெறும் வயது எழுதப்பட்டிருந்தாலோ ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். அப்போது உண்மையான ஒரு மறுதொற்று, இரண்டு தனித்தனி முதல் தொற்றுகளாக மாறி, தொகுதியைக் குறைத்துப் பகுதியைப் பெருக்கும்.

இணைப்பு முடிந்ததும் நூறு, இருநூறு ஜோடிகளைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கண்ணால் பாருங்கள். சலிப்பான வேலை. ஆனால் எந்தப் புள்ளியியல் சூத்திரமும் இதற்கு மாற்று இல்லை. இடைவெளி 91, 92 நாளில் திடீரென்று குவியல் தெரிந்தால் நின்று யோசியுங்கள். உண்மையான உயிரியல் 90-ஆம் நாளில் கதவைத் திறந்துவிடாது. அநேகமாக, 90 நாள் வரை மறுபரிசோதனை வேண்டாம் என்று எங்கோ ஒரு விதி இருந்திருக்கும்.

தேதி விஷயத்தில் ஒரே விதி: மாதிரி எடுத்த தேதியைப் பயன்படுத்துங்கள், முடிவு வந்த தேதியை அல்ல. அலை உச்சத்தில் இருக்கும்போது முடிவுகள் நாட்கணக்கில் தேங்கும், ஒரே முடிவு இரண்டு இடங்களிலிருந்து இரண்டு தேதியில் வந்து சேரும்.

நான்காம் படி: வாய்ப்புள்ளவர்களின் தொகை

இப்போது பகுதி. 90 நாள் வரையறையை எடுத்துக்கொண்டால், முதல் தொற்று வந்த அன்றே ஒருவர் மறுதொற்றுக்கு உரியவர் ஆகிவிட மாட்டார். முதல் 90 நாளில் அவருக்கு எது வந்தாலும் நம் விதி அதை மறுதொற்று என்று ஏற்காது. ஆகவே அந்த 90 நாளைப் பகுதியில் சேர்க்கக் கூடாது. 90 நாள் முடிந்ததும் உள்ளே வருகிறார். மறுதொற்று வந்தால், இறந்தால், ஊரை விட்டுக் குடிபெயர்ந்தால் வெளியே போகிறார். ஒவ்வொரு நாளும் உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிக் கூட்டினால் கிடைப்பது ஆள்நாட்கள்.

பெரிய அலைக்குப் பிறகு இதை மறந்தவர்கள் கையைச் சுட்டுக்கொள்வார்கள். அலையில் லட்சம் பேருக்குத் தொற்று வந்ததும் அவர்களை உடனே பகுதியில் சேர்த்தால், மூன்று மாதத்துக்கு விகிதம் செயற்கையாகச் சரியும். "மறுதொற்று குறைகிறது" என்று தலைப்பும் வந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை. மக்கள்தொகை 10 லட்சம். மாதத் தொடக்கம்வரை பதிவான முதல் தொற்றுகள் 50,000. அதில் 40,000 பேர் 90 நாளைத் தாண்டியவர்கள். மாதத்தில் மொத்தம் 6,000 தொற்றுகள், அதில் 120 மறுதொற்று. மாதத்துக்குள் இன்னும் சுமார் 4,000 பேர் 90 நாளைத் தாண்டுகிறார்கள் என்றால், சராசரியாக 42,000 பேர், 30 நாள், மொத்தம் 12.6 லட்சம் ஆள்நாட்கள்.

இனி வகுத்துப் பாருங்கள். 120-ஐ 6,000-ஆல் வகுத்தால் 2 சதவீதம், இது தொற்றுகளில் மறுதொற்றின் பங்கு. 40,000-ஆல் வகுத்தால் 0.3 சதவீதம். 50,000-ஆல் வகுத்தால் 0.24 சதவீதம், இது தப்பு, ஏனென்றால் 90 நாள் ஆகாதவர்களும் உள்ளே இருக்கிறார்கள். ஆள்நாட்களால் வகுத்தால் லட்சம் ஆள்நாளுக்கு 9.5. மாதத்துக்கு மாதம் ஒப்பிடத் தகுதியுள்ளது இந்தக் கடைசி எண்தான்.

இதையே முதல் தொற்றுக்கும் செய்யுங்கள். தொற்றே பதிவாகாதவர்கள் மாதத் தொடக்கத்தில் 9.5 லட்சம், மாதத்தில் சராசரியாக 9.47 லட்சம். 30 நாளுக்கு 284 லட்சம் ஆள்நாட்கள். 5,880 முதல் தொற்றுகள். லட்சம் ஆள்நாளுக்கு 20.7. இரண்டையும் வகுத்தால் 0.46. முன்பு தொற்று வந்தவர்களுக்கு மறுபடி வரும் வேகம், வராதவர்களுக்கு முதல்முறை வரும் வேகத்தில் பாதிக்கும் குறைவு என்று தோன்றுகிறது. "தோன்றுகிறது" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஐந்தாம் படி: பதிவாகாத தொற்றுகள்

உண்மையில் வந்த தொற்றுகளில் நான்கில் ஒன்றுதான் பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை தொற்று வந்த ஒருவரின் இரண்டு தொற்றும் பதிவாகும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. முதலாவது தவறி இரண்டாவது மட்டும் பதிவாகும் வாய்ப்பு பதினாறில் மூன்று. அந்த மூன்றும் நம் அட்டவணையில் "முதல் தொற்று" பத்தியில் உட்கார்ந்திருக்கும். அதாவது நாம் மறுதொற்று என்று அடையாளம் காணும் ஒவ்வொருவருக்கும், அடையாளம் தெரியாத மறுதொற்று மூன்று பேர் புதியவர்களாக எண்ணப்பட்டிருக்கிறார்கள். 120 என்று நாம் எழுதியது உண்மையில் 480-ஆக இருக்கலாம்.

"தொற்றே வராதவர்கள்" என்று நாம் பிரித்து வைத்த கூட்டத்திலும் ஏற்கெனவே தொற்று வந்து, எதிர்ப்பாற்றலோடு இருப்பவர்கள் நிறைய. அதனால் அந்தக் கூட்டத்தின் விகிதம் இறங்கும், முன்தொற்று தரும் பாதுகாப்பு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். மக்கள்தொகையில் பெரும்பாலானோருக்கு ஒருமுறையாவது வந்துவிட்ட பிறகு இந்த ஒப்பீடு கிட்டத்தட்ட அர்த்தமிழந்துவிடும்.

இன்னொன்று, பரிசோதனை செய்துகொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் ஒன்றல்ல. மருத்துவமனை ஊழியர்களுக்கு வாராவாரம் பரிசோதனை நடந்திருக்கும், அவர்களின் இரண்டு தொற்றும் பிடிபடும். லேசான சளி என்று வீட்டிலேயே இருந்தவருக்கு ஒன்றும் பிடிபடாது. அரசாங்கம் பரிசோதனைக் கொள்கையை மாற்றும் ஒவ்வொரு தேதியையும் உங்கள் வரைபடத்தில் செங்குத்துக் கோடாகப் போடுங்கள். இங்கிலாந்தில் பொதுமக்களுக்கான இலவசப் பரிசோதனை 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி பெரும்பாலும் நின்றது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோடாக இழுத்துப் பார்ப்பவர் பரிசோதனைக் கொள்கையை அளக்கிறார், மறுதொற்றை அல்ல.

ஆறாம் படி: எதிர்பார்த்ததும் நடந்ததும்

எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த விஷயம் இது. பதிவாகும் பங்கு தெரியாது, பகுதி முழுமையில்லை, இருந்தும் ஏதாவது உருப்படியாகச் சொல்ல முடியுமா? முடியும் என்று தென்னாப்பிரிக்கா காட்டியது.

மறுதொற்றுகளின் எண்ணிக்கை ஏறுவது தானாகவே ஒரு செய்தி இல்லை. ஒருமுறை தொற்று வந்தவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வைரஸ் துளியும் மாறாவிட்டாலும் மறுதொற்று ஏறத்தான் செய்யும். அதனால் கேள்வியை இப்படி மாற்ற வேண்டும்: எதுவும் மாறாதிருந்தால் எத்தனை மறுதொற்று எதிர்பார்த்திருப்போம்? அதைவிட அதிகமாக வருகிறதா?

தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் நாடு முழுவதும் பதிவான பரிசோதனைகளை 90 நாள் வரையறையோடு எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாளில் எதிர்பார்க்கும் மறுதொற்று, அன்றைய பரவலின் அளவையும் மறுதொற்றுக்கு உரியவர்களின் எண்ணிக்கையையும் ஒரு மாறாத குணகத்தையும் (பெருக்குவதற்கான நிலையான எண்) பெருக்கினால் வரும் என்று எளிய மாதிரி ஒன்று வைத்தார்கள். பரவலின் அளவுக்கு 7 நாள் நகரும் சராசரி. குணகத்தைத் தொடக்க காலத் தரவிலிருந்து கணித்து, அதை வைத்துப் பிற்காலத்துக்கான எதிர்பார்ப்பையும் அதன் மேல், கீழ் எல்லைகளையும் வரைந்தார்கள். பீட்டா அலை வந்தது, டெல்டா அலை வந்தது. நடந்தவை எல்லைக்குள்ளேயே நின்றன. 2021 நவம்பரில் எல்லையை உடைத்துக்கொண்டு மேலே போயின. உலக சுகாதார நிறுவனம் ஒமைக்ரான் என்று பெயர் வைத்தது அதே நவம்பர் 26-ஆம் தேதி. நவம்பர் 27-க்கு 90 நாளாவது முன்பு பாசிட்டிவ் ஆன 27,96,982 பேரில் 35,670 சந்தேகத்துக்குரிய மறுதொற்றுகளை அந்த ஆய்வு கண்டது. 2022-இல் முழு ஆய்வும் வெளியானது.

இந்த முறையின் அழகு, பதிவாகும் பங்கு துல்லியமாகத் தெரியாவிட்டாலும் அது ஓரளவு நிலையாக இருந்தால் போதும் என்பதுதான். குறைபாடும் அங்கேயே இருக்கிறது: பரிசோதனைப் பழக்கம் திடீரென்று மாறினால் எச்சரிக்கை மணி பொய்யாக அடிக்கும். அதனால் எல்லை உடையும்போது, அதே வாரத்தில் பரிசோதனைகளின் எண்ணிக்கையும் பாசிட்டிவ் விகிதமும் எப்படி இருந்தன என்று கூடவே பாருங்கள்.

தொடங்குபவர்கள் இதை எக்செல் தாளிலேயே செய்து பார்க்கலாம். முதல் ஆறு மாதத்துக்குக் குணகத்தைக் கண்டுபிடியுங்கள், அடுத்த மாதங்களுக்குப் பெருக்குங்கள், நடந்ததைப் பக்கத்தில் வையுங்கள். மேல், கீழ் எல்லைகளுக்கு மட்டும் ஆர் அல்லது பைத்தான் போன்ற நிரல் மொழி தேவைப்படும்.

ஏழாம் படி: பிரித்துப் பார்த்தல்

ஒட்டுமொத்த எண் பல விஷயங்களை மூடிவிடும். வயதாகப் பிரியுங்கள். டென்மார்க்கின் 2020 தரவை வைத்துச் செய்த ஆய்வில், முன்தொற்று தந்த பாதுகாப்பு மொத்தத்தில் சுமார் 80 சதவீதம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் அது 47 சதவீதம்தான். சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த முதியவர்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

திரிபு வாரியாகவும் பிரிக்க வேண்டும். கத்தாரில் செய்த ஆய்வில் முன்தொற்று தந்த பாதுகாப்பு ஆல்பாவுக்கு எதிராக 90 சதவீதம், டெல்டாவுக்கு 92, ஒமைக்ரானுக்கு 56. ஒரே மக்கள்தொகை, ஒரே முறை, வைரஸ் மட்டும் வேறு.

தடுப்பூசி நிலையை, மறுதொற்று வந்த தேதியில் என்ன இருந்ததோ அப்படிப் பதியுங்கள், இன்றைய நிலையை அல்ல. ஆள்நாட்களும் அப்படியே: ஒருவர் ஊசி போடும்வரை "போடாதவர்" கணக்கில், போட்ட பிறகு "போட்டவர்" கணக்கில்.

மறுதொற்று லேசானதா கடுமையானதா என்பதற்கு இந்தத் தரவிலிருந்து அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். முதல் தொற்றில் இறந்தவர்கள் இரண்டாவது தொற்றின் கணக்கிலேயே இல்லை. நடுவில் தடுப்பூசி வந்துவிட்டது, சிகிச்சை மாறிவிட்டது, திரிபு மாறிவிட்டது.

எட்டாம் படி: பரிசோதனைப் பட்டியல் போதாதபோது

வீட்டிலேயே ஆன்டிஜென் கிட் வைத்துப் பார்த்துக்கொள்ளும் காலத்தில், அல்லது யாருமே பார்க்காத காலத்தில், மேலே சொன்ன எல்லாம் ஆட்டம் கண்டுவிடும். அப்போது இரண்டு வழி உண்டு.

ஒன்று, குறிப்பிட்ட ஒரு குழுவைத் தொடர்ந்து பரிசோதிப்பது. பிரிட்டனின் சைரன் ஆய்வு சுகாதார ஊழியர்களை எடுத்துக்கொண்டது. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிசிஆர், ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையும் கூட. 25,000-க்கும் மேற்பட்டவர்கள். 2021-இல் வந்த முடிவு, முன்பு தொற்று வந்தவர்களுக்கு மறுதொற்று அபாயம் 84 சதவீதம் குறைவு என்றது. இது ஒமைக்ரானுக்கு முந்தைய கதை என்பதை மறக்க வேண்டாம். இப்படிப்பட்ட குழுவில் பதிவாகாத தொற்று மிகக் குறைவு, அதுதான் பலம். ஆனால் சுகாதார ஊழியர்கள் மொத்த மக்களைப் போன்றவர்கள் அல்ல.

மற்றது, குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து அளவாய்வு நடத்துவது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2020 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை இதைச் செய்தது. செலவு அதிகம். ஆனால் யாருக்குப் பரிசோதனை என்பதை ஆய்வே முடிவு செய்வதால், மறுதொற்று விகிதத்துக்கு இதைவிட நேர்மையான பகுதி கிடைப்பது அரிது.

ரத்தப் பரிசோதனையில் ஒரு கண்ணி. வைரஸின் முள் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் பெரும்பாலான தடுப்பூசிகளாலும் வரும், அதனால் அது முன்தொற்றுக்குச் சான்று இல்லை. வைரஸின் உள்ளே மரபணுவைப் பொதிந்திருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரானது இருந்தால் தொற்று வந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் முழு வைரஸைச் செயலிழக்க வைத்துத் தயாரித்த தடுப்பூசி போட்டவர்களிடம் இதுவும் உருவாகும். கோவேக்சின், சினோவேக் போன்றவை அந்த வகை. உங்கள் மக்கள்தொகையில் எந்த ஊசி அதிகம் என்று தெரியாமல் இந்தச் சோதனையைக் கையில் எடுக்க வேண்டாம். ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு முறை எடுத்து, அளவு நன்றாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் பயனுள்ளது.

கழிவுநீர் ஆய்வைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். பரவல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு அது அருமை. முதல் முறையா இரண்டாம் முறையா என்று அது ஒருபோதும் சொல்லாது.

ஒன்பதாம் படி: வெளியிடுவது

கடைசி இரண்டு வாரத்தின் எண்கள் எப்போதும் குறைவாக இருக்கும், முடிவுகள் இன்னும் வந்து சேராததால். அந்தப் பட்டைகளை வெளிர் நிறத்தில் காட்டி "முழுமையடையவில்லை" என்று எழுதுங்கள். அட்டவணையின் அடியில் நாலு வரி போதும்: வரையறை எத்தனை நாள், எங்கிருந்து எண்ணியது, பகுதியில் யார், பரிசோதனைக் கொள்கை எப்போது மாறியது.

மூன்றாவது, நான்காவது தொற்றுகளுக்கு முதலிலேயே இடம் விடுங்கள். அட்டவணையில் "மறுதொற்று: ஆம், இல்லை" என்று பத்தி வைப்பதைவிட "எத்தனையாவது தொற்று" என்று எண் வைப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் அவர் வெளியே போய், 90 நாள் கழித்து அடுத்த வரிசைக்குள் வருகிறார்.

சிறிய ஊர்களுக்கு வயது, பாலினம் என்று பிரித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் "1" என்று நிற்கும். அது ஒரு மனிதர், அக்கம்பக்கத்தாருக்கு யாரென்று தெரிந்துவிடும். ஐந்துக்குக் கீழே உள்ளவற்றை மறைத்துவிடுங்கள், மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து.

வரையறையை நடுவில் மாற்ற வேண்டி வந்தால், பழைய தரவையும் தொடக்கத்திலிருந்து புதிய வரையறைக்கு மாற்றிக் கணக்கிடுங்கள். இங்கிலாந்து 2022 ஜனவரி 31 வரை ஓர் ஆளுக்கு ஒரு தொற்று என்றே எண்ணி வந்தது. மறுதொற்றுகளையும் சேர்க்க முடிவெடுத்த அன்று, அதற்கு முந்தைய காலத்தின் எண்களையும் சேர்த்தே திருத்தி வெளியிட்டது. பழைய தொடரை அழிக்காமல் தனிக் கோப்பில் வைத்திருங்கள். போன மாத அறிக்கையோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டு யாராவது கட்டாயம் எழுதுவார்கள்.